உல்போசின் சொன்னதும் வீடு மண்டியிட்டது

கஜகஸ்தானின் மங்கிஸ்தாவ் பாலையோரத்தில் எஸ்போலின் வீடு மண்டியிட்ட அன்று காற்று வடக்கிலிருந்து அடித்தது, செம்மறி விலை சற்று இறங்கியிருந்தது, கிணற்றுத் தண்ணீர் வழக்கம்போல உப்புக் கரித்தது. கூரை போட ஊரே கூலியில்லாமல் கைகொடுக்க வந்திருந்தது. வந்தவர்களுக்காக ஆடு வெந்துகொண்டிருந்தது. வேலையை நடத்தியவர் எஸ்போலின் அண்ணன் கோனிஸ்பாய். நடத்தினார் என்பது மரியாதைக்குச் சொல்வது, கத்தினார். புருஷனின் அண்ணன் பெயரை வீட்டுக்கு வந்த பெண் வாயால் சொல்லக்கூடாது, வேறு பெயர் வைத்துத்தான் கூப்பிட வேண்டும். எஸ்போலின் மனைவி உல்போசின், கல்யாணமான மறுநாளே அவருக்கு இடிமுழக்கம் என்று பெயர் வைத்துவிட்டாள். மழை பெய்யாத இடி என்பது அவள் மனதுக்குள் வைத்துக்கொண்ட மிச்சம்.

வேலியோரம் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஆளையே மூடும் அகலம், ஆட்டுக்கிடாயின் கனம். அவற்றை முதுகில் சுமந்து ஏணியேறுவதுதான் கோனிஸ்பாயின் மகத்தான திட்டம். கயிறு கட்டி இழுக்கலாமே என்றால், அது பொம்பளை வேலை என்பார். சில வருஷங்களுக்கு முன் இதே திட்டப்படி பக்கத்து வீட்டு சர்சென் ஏறினான். பாதி ஏணியில் தகட்டைக் காற்று பிடித்து அவனையும் சேர்த்துத் தூக்கி எறிந்தது. அவனைப் புதைத்துவிட்டு வந்த கோனிஸ்பாய், "கைப்பிடி சரியில்ல அவனுக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இறைச்சியில் கை வைத்தார். இன்று முதலில் ஏறவேண்டியவன் எஸ்போல். அண்ணன் சொன்னால் கிணற்றிலும் குதிக்கிற சாது.

"இடிமுழக்கம் மச்சான், காத்து அடிக்கிறது உங்க காதுல விழுதா? அவர ஏத்தாதீங்க."

"நீ போய்க் கறியக் கிண்டு."

"சர்சென் பொண்டாட்டியும் அன்னிக்குக் கறிதான் கிண்டிக்கிட்டிருந்தா."

"டேய் எஸ்போல்! பொண்டாட்டி பாவாடைக்குப் பின்னாடியே நிக்கப் போறியா? ஏறுடா!"

எஸ்போல் தகட்டை முதுகில் வாங்கிக்கொண்டு இரண்டு படி ஏறினான். ஏணி ஆடியது. உல்போசினுக்கு ஆத்திரம் பொங்கியது. அவள் ஒட்டகங்களோடு வளர்ந்தவள். நிற்கிற ஒட்டகத்தின் மேல் மூட்டையை எறிகிற மடையனை அவள் பிறந்த வீட்டில் பார்த்ததே இல்லை. கரண்டியோடு போய்ச் சுவரில் ஓங்கித் தட்டி, ஒட்டகத்தைப் படுக்கவைக்கும் அதட்டலில் "ஷோக்!" என்றாள். வீடு படுத்தது. முன்சுவர் முதலில் மடங்கியது, அப்புறம் பின்சுவர். சாய இடமில்லாமல் ஏணி மெல்லச் சரிய, எஸ்போலின் கால் தரையைத் தொட்டது. கூரை விளிம்பு அவன் இடுப்பருகே வந்து நின்றது. உள்ளே தேநீர்க் கிண்ணம் ஒன்று உருண்டது, அவ்வளவுதான்.

"என்ன வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறீங்க? ரெண்டு பக்கமும் சமமா ஏத்துங்க. இல்லன்னா கோணிக்கிட்டு எந்திரிக்கும்."

ஏற்றினார்கள். ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை. கோனிஸ்பாய் மட்டும் முன்விளிம்பில் ஏறி நின்று, எல்லாம் தன் ஏற்பாடு என்பதுபோல உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். ஒட்டகம் பின்னங்காலில்தான் முதலில் எழும் என்பதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. கடைசி ஆணி அடித்ததும் உல்போசின் சுவரைத் தட்ட, அவர் சாம்பல் குவியலில் போய் விழுந்தார்.

அதன் பிறகு கூரை போடுகிற ஒவ்வொரு வீடும் ஊரில் அவள் சொல்லுக்குப் படுத்து எழுந்தது. கோனிஸ்பாயின் வீடு மட்டும், அவர் தொண்டை கிழியக் கத்தியும், விறைத்துக்கொண்டு நின்றது. ஆம்பளை வீடு மண்டி போடாது என்று சொல்லிக்கொண்டு, இரண்டு குளிர்காலம் ஓட்டைக் கூரை வழியே தலையணையில் பனி விழப் படுத்திருந்தார். மூன்றாவது வருஷம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உல்போசினின் வாசலுக்கு வந்தார்.

"கொஞ்சம் வந்து சொல்லேன்மா."

"மொதல்ல சர்சென் பொண்டாட்டிகிட்டப் போய்ச் சொல்லுங்க மச்சான். அவன் கைப்பிடி நல்லாத்தான் இருந்துச்சுன்னு."

அரைநாள் முற்றத்தில் நின்று யோசித்துவிட்டு சர்சென் வீட்டுக்குப் போனார். வாழ்நாளில் முதல்முறையாகத் தாழ்ந்த குரலில் பேசினார். சர்சென் மனைவி முழுக்கக் கேட்டுக்கொண்டாள். அவர் திரும்பி வருவதற்குள் அவருடைய வீடு படுத்திருந்தது. யாரும் ஷோக் சொல்லியிருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் கூரை போட்டு முடித்தார்கள். வேலை அவ்வளவு சீக்கிரம் முடிந்ததில் ஆட்டுக்கறிதான் சரியாக வேகவில்லை.