மாதம் போடாத அட்டவணை

சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள். அச்சு இயந்திரம் முனகிக்கொண்டே நின்றது.

"என்னம்மா இது? இன்னும் பாதிகூட ஓடலையே!" மெஷின்காரர் பதறினார்.

"ஓட வேண்டாம். ஒரு தாள்கூட வெளியே போகக் கூடாது!"

ஈர மை மணக்கும் தாளைக் கசக்கிப் பிடித்தபடி அண்ணனின் அறைக்குள் பாய்ந்தாள். அண்ணன் அச்சக முதலாளி. அவள் அங்கே பிழை திருத்துபவள். எட்டாம் வகுப்புப் பூகோளப் புத்தகத்தில் 'இரு தீவுகள்' பாடத்தை எழுதியதும் அவள்தான்.

"என் பாடத்துல கை வெச்சது யாரு?"

"கத்தாதே. நீதானே கையெழுத்துப் போட்டே?"

"நேத்து நான் போட்டது வேற. ராவோட ராவா மாத்திட்டு என் தலையில கட்டப் பாக்கறியா?"

அவள் எழுதியிருந்தது இதுதான். நூறு வருடத்துக்கு முன்னால் நம் தீவில் ஆள் பிடித்தவர்கள் ஒரு நோட்டீஸ் விநியோகித்தார்கள். கடல் தாண்டி, பூமத்திய ரேகை தாண்டி இருக்கும் அந்தத் தீவிலும் இதே வெயில், இதே மழை என்று ஓர் அட்டவணை. சூது எங்கே? நம் தீவுக்கு மே மாதக் கணக்கு, அந்தத் தீவுக்கு அங்கே கோடையான ஜனவரிக் கணக்கு. மாதத்தின் பெயரை மட்டும் போடவில்லை. நம்பிக் கப்பலேறியவர்கள் ஜூலையில் ஒற்றைத் துணியோடு உறைபனியில் போய் இறங்கினார்கள். முதல் குளிரிலேயே நாற்பத்தொரு பேர் செத்தார்கள்.

கையிலிருந்த தாளில் இருந்ததோ ஒரே வரி: 'ஒத்த வானிலையால் கவரப்பட்டு மக்கள் அங்கே குடியேறினர்.'

"கவரப்பட்டாங்களா? விறைச்சுச் செத்தவங்களை இப்படி எழுத உனக்குக் கை கூசலை?"

"சின்னப் பசங்க படிக்கிற புத்தகம். பிணக் கணக்கு எதுக்கும்மா?"

"அந்தக் கப்பல்லயும் சின்னப் பசங்க இருந்தாங்கண்ணா! நோட்டீஸ் படத்தையும் ஏன் தூக்கினே? மியூசியத்துல இருக்கறதுல அச்சகத்தோட பேர் வர்ற அடிப்பக்கம் கிழிஞ்சிருக்கு. எந்த அச்சகத்துக் களவாணி அடிச்சான்னு கண்டுபிடிச்சு அதையும் சேர்த்துப் போடுவேன்."

அண்ணனின் முகம் வெளிறியது. கண்கள் ஒரு கணம் சுவருக்குப் போய் மீண்டன. அங்கே அச்சகத்தைத் தொடங்கிய கொள்ளுத்தாத்தாவின் படம். அடியில் அவருடைய வளைந்த கையெழுத்து.

"விட மாட்டியா?"

"மாட்டேன். கல்வித்துறைக்கு இப்பவே போன் பண்றேன்."

அவள் ரிசீவரை எடுத்தாள். அவன் எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்தான். அடித்தட்டிலிருந்து ஒரு பழுப்புத் தாளை எடுத்து மேஜையில் வீசினான்.

"போன் பண்ணு. அதுக்கு முன்னாடி இதைப் பாரு."

அதே நோட்டீஸ். ஆனால் அச்சுக்குப் போகும் முன் எடுத்த புரூஃப். அட்டவணையில் 'மே', 'ஜனவரி' இரண்டும் தெளிவாக இருந்தன. இரண்டின் மேலும் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில், 'மாதங்களை நீக்கவும்.'

அதன் கீழே, சுவரில் இருந்த அதே வளைந்த கையெழுத்து.