அப்பாவின் எழுத்தில் ஒரு ஓம்

இருபத்தொன்பது மணித்தியாலமும் இருபது நிமிடமும் டிலக்ஷி தன் அப்பாவோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. இதில் பெரிய அவமானம் என்னவென்றால், வீட்டில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. பிறந்ததிலிருந்தே வாய் திறக்கக் கூச்சப்படுகிற பிள்ளை. அவள் கோபத்தில் பேசாமல் இருப்பதற்கும் சும்மா பேசாமல் இருப்பதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு கருவி வேண்டும். அவள் வேலை செய்த பால் ஆய்வுகூடத்தில் கொழுப்பை அளக்கக் கருவி இருந்தது, புளிப்பை அளக்கக் கருவி இருந்தது. இதற்கு இருக்கவில்லை.

விசயம் தொடங்கியது ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு பத்துக்கு. 2014 பெப்ரவரி. இடம், ஓபர்மாட் ஊர்மன்றத்தின் மேல்மாடி.

ஓபர்மாட் மலையடிவாரத்து ஊர். வாக்காளர்கள் நானூற்றுச் சொச்சம். மாடுகள் அதைப்போல இரண்டு மடங்கு. அந்த மாநிலமே பழமைக்கட்சியின் பக்கம் சாய்ந்த மாநிலம் என்றால், ஓபர்மாட் அதில் படுத்தே கிடந்த ஊர். நாடு எதைக் கேட்டாலும் ஓபர்மாட்டின் பதில் முதல்நாளே தெரியும். வாக்கெண்ண மூன்று பேர் போதும். அந்த முறை ஊர்மன்றம் மூன்றாவது ஆளாக டிலக்ஷியை நியமித்துக் கடிதம் போட்டிருந்தது. இரசாயனம் படித்த பிள்ளை, பிழைவிடாமல் எண்ணும் என்று நினைத்திருப்பார்கள்.

மற்ற இரண்டு பேரில் ஒருவர் ஊர்ச் செயலாளர் ஃப்ரேனி. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கும் பெண்மணி. அடுத்தவர் சேப். முப்பத்திரண்டு மாடு, மூன்று பிள்ளைகள், ஒழுகுகிற ஒரு கூரை.

எண்ணத் தொடங்குமுன் ஃப்ரேனி ஒரு தாளில் கையெழுத்து வாங்கினாள். எண்ணும் மேசையில் கண்டதை எவருக்கும் சொல்லமாட்டேன் என்ற தாள்.

"இந்த ஊரில எல்லாருக்கும் எல்லாற்ற எழுத்தும் தெரியும்," என்றாள். "தெரிஞ்சாலும் தெரியாது. விளங்குதோ?"

டிலக்ஷி தலையாட்டினாள்.

சுவிஸ் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும்; அதில் புள்ளடி போடுகிற வேலை இல்லை. ஓம் என்றால் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், 'யா' என்று கையால் எழுதவேண்டும். இல்லை என்றால் 'நைன்'. அன்றைய பெரிய கேள்வி, வெளிநாட்டார் வந்து குடியேறுவதை மட்டுப்படுத்துவதா என்பது. வழமையாகப் பழமைக்காரர் எல்லாவற்றுக்கும் நைன் சொல்வார்கள். இந்த முறை கேள்வியைக் கேட்டதே அவர்கள் பக்கம் என்பதால், யா என்றால்தான் அவர்கள் பக்கம்.

யா குவியல் வளர்ந்துகொண்டே போனது. நைன் குவியல் ஒரு கேக் துண்டின் உயரத்தைத் தாண்டவில்லை. டிலக்ஷி துணிவை எல்லாம் திரட்டிக்கொண்டு சேப்பிடம் கேட்டாள்.

"ஏன் எப்பவும் இப்பிடி?"

சேப் கையை நிறுத்தவில்லை. "வருசத்தில நாலு தரம் இந்தக் கடித உறை வருது. நாலு தரமும் இதை மாத்தட்டோ, அதை மாத்தட்டோ எண்டு கேக்கிறாங்கள். என்ர கூரையை மாத்தட்டோ எண்டு ஒருத்தனும் கேக்கேல்லை."

"அது இவையின்ர வேலை இல்லையே," என்றாள் ஃப்ரேனி.

"அதைத்தான் நானும் சொல்லுறன். என்ர வேலையும் இல்லை."

டிலக்ஷிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த சீட்டை விரித்தாள். சிரிப்பு போய்விட்டது.

யா. J, a என்று இரண்டே எழுத்து. ஆனால் அந்த முதலெழுத்துக்கு மேலே ஒரு குடை இருந்தது, கீழே வயிறு இருந்தது, வயிற்றிலிருந்து ஒரு வால் இடப்பக்கம் சுருண்டு ஏறியது. உலகத்தில் ஒரே ஒரு மனிதர்தான் அந்த எழுத்தை அப்படி எழுதுவார். ஊர் விடுதியின் வாசலில் நிற்கும் கரும்பலகையில், பத்தொன்பது வருசமாக, வியாழக்கிழமைதோறும், அதே J-யில் தொடங்கும் 'யேகர்ஷ்னிட்சல்' என்று. காளான் குழம்பு ஊற்றிய அந்த இறைச்சிக்காக வியாழனில் பக்கத்து ஊரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். சமையற்காரரின் பெயர் அரசரத்தினம். டிலக்ஷியின் அப்பா.

சேப்பும் பார்த்தான். ஃப்ரேனியும் பார்த்தாள். பிறகு மூன்று பேரும் சொல்லிவைத்ததுபோலச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். பன்னிரண்டு பத்து.

டிலக்ஷி சீட்டை யா குவியலில் வைத்தாள்.

கடைசிக் கணக்கு: யா இருநூற்றுப் பதினொன்று, நைன் ஐம்பத்திரண்டு. நூற்றுக்கு எண்பது. பின்னேரம் வானொலி சொன்னது, நாடு முழுக்கவும் யா மயிரிழையில் வென்றுவிட்டதாம்.

அவளால் அப்பாவிடம் கேட்கவும் முடியாது. 'ஏனப்பா அப்படி எழுதினீங்கள்' என்று கேட்டால், சீட்டைக் கண்டேன் என்று சொன்னதாகும். கையெழுத்துப் போட்டுக்கொடுத்த தாள் ஃப்ரேனியின் அலுமாரியில் இருந்தது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அப்பா தொண்ணூறாம் ஆண்டு அகதியாக வந்தவர். இந்த நாட்டில் அகதிகளைத் தங்கவைத்த நிலத்தடிப் பதுங்குகுழியில் நாற்பது பேரோடு படுத்தெழும்பி, எட்டு வருசம் விசாவுக்கு அலைந்தவர். தான் நுழைந்த கதவை அவரே சாத்துகிறாரா? அப்படிப்பட்ட மனிதரோடா இருபத்துநாலு வருசம் ஒரே மேசையில் சாப்பிட்டோம்?

அதற்குமேல் இன்னொரு சங்கடமும் இருந்தது. பாடனில் இருக்கும் சிநேகிதி கோபிஷா. ஒவ்வொரு வாக்கெடுப்புக்குப் பிறகும் கோபிஷா தொலைபேசி எடுத்து, "உங்கட ஊர் திரும்பவும் வேலையைக் காட்டிட்டுதே!" என்று நக்கலடிப்பாள். ஒவ்வொரு முறையும் டிலக்ஷி ஒரே பதிலைத்தான் சொல்வாள்: "எங்கட வீட்டு மூண்டு வாக்கும் மற்றப் பக்கம்." ஞாயிறு மட்டும் கோபிஷா ஐந்து தரம் எடுத்தாள். டிலக்ஷி தொலைபேசியைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, தலையணைமேல் படுத்துக்கொண்டாள்.

படுத்துக்கொண்டு ஒரு பழைய கணக்கை மறுபடி போட்டாள். 2009 ஆனியில் இதே ஊர், கூட்டத்தில் கைதூக்கி, அப்பாவையும் அம்மாவையும் அவளையும் பிரசைகளாக்கியது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. யாரோ விசிலும் அடித்தார்கள். அதே ஆண்டு கார்த்திகையில் நாட்டில் பள்ளிவாசல் கோபுரம் கட்டலாமா என்று கேட்டபோது, ஒரு பள்ளிவாசலைக்கூடக் கண்ணால் கண்டிராத அதே ஊர், கட்டக்கூடாது என்று திரண்டு வாக்களித்தது. அதே கைகள். ஒரு பொருள் காலையில் அமிலமாகவும் மாலையில் காரமாகவும் இருந்தால் ஆய்வுகூடத்தில் மாதிரியைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவாள். ஊரைக் கொட்டமுடியாது.

திங்கட்கிழமை விடுதியில் மதியச் சாப்பாடு மட்டும். அப்பா மூன்றரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். டிலக்ஷி ஐந்து மணிக்கு வேலை முடிந்து வந்தபோது, அவர் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு, பாட்டும் பாடிக்கொண்டிருந்தார். அம்மா சுசீலாதேவி முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் காலை வேலை முடித்து வந்து, மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. டிலக்ஷி கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுவதற்கு வெங்காயம் நல்ல சாட்டு.

"இண்டைக்கு ஒரு புதினம்," என்றார் அப்பா. "சேப் எனக்குக் கோப்பி வாங்கித் தந்தவன். பத்தொன்பது வருசத்தில முதல்தரம்."

"என்னத்துக்காம்?"

"அதுதான் விளங்கேல்லை. குசினிக்குள்ள வந்து, தோளில தட்டி, 'அரசா, நீ எங்கட ஆள்' எண்டான். ஏனெண்டு கேட்டா மணிக்கூட்டைப் பாக்கிறான்."

"நீங்கள் சாகப்போறீங்கள் எண்டு ஆரும் சொல்லிப்போட்டினமோ?"

"அப்பிடியெண்டா கோப்பியோட நிப்பாட்டுவானோ? ஒரு சாராயமாவது தந்திருப்பான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். டிலக்ஷி வெங்காயத்தைப் பொடிப்பொடியாக வெட்டினாள். சேப் தாளில் போட்ட கையெழுத்தை ஒரு கோப்பியில் கரைத்துக் குடித்துவிட்டான். அவளோ பூட்டி வைத்திருக்கிறாள்.

அப்போதுதான் அப்பா திரும்பிப் பார்த்தார்.

"சுசீலா, பிள்ளை ஏன் ஒரு மாதிரி இருக்கிறாள்?"

"எப்பவும் போலத்தானே இருக்கிறாள்."

"இல்லை. நான் பகிடி விட்டா வாயைக் கோணுவாள். இண்டைக்குக் கோணேல்லை."

அம்மா குனிந்து மகளின் முகத்தைப் பார்த்தா. "ஆரையும் விரும்புறியோ? விரும்பினாச் சொல்லு. டொச்சுக்காரனெண்டாலும் பரவாயில்லை. மாடு வைச்சிருக்கிறவன் எண்டா மட்டும் யோசிப்பம், விடிய நாலுக்கு எழும்பவேணும்."

டிலக்ஷி வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. கோபிஷா. டிலக்ஷி கையை நீட்டுமுன், வெங்காயக் கையோடு அம்மா ஒரு விரலால் அழுத்தி, ஹலோ சொல்லி, சத்தத்தையும் கூட்டிவிட்டா.

"அன்ரியோ? அவள் எங்க, ஒளிச்சிருக்கிறாளோ?" கோபிஷாவின் குரல் குசினியை நிரப்பியது. "உங்கட ஊர் நூற்றுக்கு எண்பதாமே! நான் பஸ்ஸில வாசிச்சுப்போட்டுச் சத்தம் போட்டுச் சிரிச்சனான். என்ன அன்ரி, அவையளுக்கு எங்களைக் கண்டால் அவ்வளவு பயமோ?"

"பயமோ? உன்ர அங்கிள் சமைக்கிறதைத்தானே தின்னுகினம். பயமெண்டால் அதுக்குத்தான் பயப்பிடவேணும்."

"பகிடி விடாதேங்கோ அன்ரி. சீரியஸாக் கேக்கிறன். ஏன் எப்பவும் அந்தக் கட்சிக்கே போடுகினம்?"

அம்மா வெங்காயத்தைத் தள்ளி வைத்தா. எந்தக் கதையையும் அரைகுறையாகச் சொல்லத் தெரியாத மனுசி.

"பிள்ளை, நாங்கள் வந்தநேரம் இஞ்ச தபால் கந்தோர் இருந்தது. பாண் கேக் விக்கிற கடை இருந்தது. பள்ளிக்கூடத்தில ஆறு வகுப்பு. எல்லாத்தையும் புதுசா மாத்துறம், வசதியா மாத்துறம் எண்டு சொல்லித்தான் வந்தவை. தபால் கந்தோர் போட்டுது. கடை போட்டுது. வகுப்பு மூண்டாப் போட்டுது. இனி ஆரும் மாற்றம் எண்டு வாயைத் திறந்தாலே, அடுத்தது என்ன போகப்போகுதெண்டு சனம் சுத்திப் பாக்குது. பஸ் மட்டும்தான் மிச்சம்."

"சரி அன்ரி. தபால் கந்தோருக்கும் வெளிநாட்டாருக்கும் என்ன சம்பந்தம்? அதை மூடினது நாங்களோ?"

"ஒரு சம்பந்தமும் இல்லை."

"பின்னை?"

"தபால் கந்தோரை மூடட்டோ எண்டு ஒரு சீட்டிலயும் கேக்கேல்லையே. கேட்ட கேள்விக்குத்தானே பதில் எழுதலாம்."

டிலக்ஷி கத்தியை மேசையில் வைத்தாள். ஐந்து வருசமாக அவள் போட்டுப் பார்த்த கணக்கு. அம்மா அதை வெங்காயத் தோலோடு சேர்த்து ஒதுக்கிவிட்டாவே. அப்பாவைப் பார்த்தாள். அவர் மீன் தலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு நின்றிருந்தது.

"அதுக்காக, வந்தவையைப் பிழை சொல்லலாமோ?" கோபிஷா விடவில்லை. "நாங்களும் வந்தவைதானே அன்ரி. எங்களுக்கு முதல் இப்பிடிச் சாத்தியிருந்தா?"

"அதையும் யோசிச்சனான். மூண்டு நாள் யோசிச்சனான்." அம்மாவின் குரல் தணிந்தது. ஆனால் முகத்தில் துக்கம் இல்லை. கணக்குப் பார்க்கிற முகம். "நான் ஒருக்கா ஒரு கிழமைக்குள்ள வீடு, ஊர், சனம் எல்லாம் மாறிப்போய்த்தான் இஞ்ச வந்தனான். எனக்கு மாற்றம் போதும் பிள்ளை. இஞ்ச ஆறு ஐம்பத்திரண்டு பஸ், இருபது வருசமா ஆறு ஐம்பத்திரண்டுக்குத்தான் வருது. அதைக் கண்டாத்தான் எனக்கு நெஞ்சு ஆறும். இது சரியோ பிழையோ தெரியாது. உன்ர அங்கிள் பிழையெண்டுதான் சொன்னவர். இவள் வெளியில போன சனிக்கிழமை முழுக்கச் சண்டை."

"சண்டை இல்லை," என்றார் அப்பா, மீனைப் பார்த்தபடி. "கருத்து வேறுபாடு."

"சட்டியைத் தூக்கி வைச்ச சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. கருத்து வேறுபாடாம்."

டிலக்ஷி எழுந்து நின்றுவிட்டாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மணிக்கூடு ஐந்தரையைக் காட்டியது. "அப்பா," என்றாள். மெல்லத்தான் சொன்னாள், ஆனாலும் அப்பா திரும்பினார், கையில் கத்தியோடு, வாயைக் கோணப்போகிறாளா என்று ஆவலாகப் பார்த்தபடி.

"பொறுங்கோ, பொறுங்கோ," என்றது தொலைபேசி. "அன்ரி, நீங்கள் கதைக்கிறதைப் பாத்தா, அந்த எண்பதுக்கு நீங்கள்தான் வக்கீல் போல கிடக்கு?"

"வக்கீல் இல்லையடி, அந்த எண்பதில ஒராள்," என்றா அம்மா. "சீட்டு எழுதேக்க நான் இடியப்ப மாவும் கையுமா நிண்டனான். இவர் தனக்கு நைன் எழுதி மடிச்சுப்போட்டு, என்ர சீட்டையும் பேனையையும் எடுத்து வைச்சுக்கொண்டு, 'உமக்கு?' எண்டு கேட்டவர். யா எண்டு எழுதச் சொன்னது நான்தான்."