நான்கு மதிப்பெண்

மனஅழுத்தத்தை ஒரே மதியத்தில் ஓட்டிவிடுவதாக வந்திருந்த நிபுணர் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சிஸ்டர் ஏழாம் படுக்கைக்கு விரிப்பு மாற்றிவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அந்தப் படுக்கையின் டைலர் அக்கா காலையில்தான் போய்ச் சேர்ந்திருந்தாள்.

நிபுணர் எல்லோரையும் கண்மூடிக் கடற்கரையில் நடக்கச் சொன்னார். புற்றுநோய் வார்டில் பதினோரு வருஷம் நின்ற கால்கள், அங்கேயாவது உட்கார இடம் உண்டா என்று பார்த்தன. பிறகு கேள்வித்தாள். மனஅழுத்தம் முப்பது மதிப்பெண்ணைத் தாண்டினால் வேறு பிரிவுக்கு மாற்றல். சிஸ்டர் தடுப்பூசிப் பிரிவு கேட்டு எழுதிக்கொடுத்து இரண்டு வருஷமாகிறது. அங்கேயும் அழுகைதான், ஆனால் அழுகிறவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அடிக்கடி அழுகிறீர்களா? இல்லை. தூக்கம்? கட்டை மாதிரி. கோபம்? யார்மேல் படுவது? பக்கத்தில் ஆபரேஷன் தியேட்டர்காரி மாமியார் சண்டையையெல்லாம் கணக்கில் சேர்த்து நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். இவளும் அள்ளிவிட்டிருக்கலாம். ஆனால் மருந்தின் அளவை இரண்டு பேர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தே ஏற்றிப் பழகிய கைக்கு, இல்லாததை எழுத வரவில்லை.

நான்கு வந்தது. மேட்ரன் எழுந்து நின்று கைதட்டினாள்.

"உன்ன மாதிரி கல்லுதாம்மா அந்த வார்டுக்கு வேணும். உன்ன எப்படி விடுவேன், நீயே சொல்லு."

சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றும் கொடுத்தார்கள். அதை மருந்து அலமாரிமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். நரம்பு பிடிபடாதவர்களுக்கு வெந்நீரில் பிழிந்த துண்டைக் கையில் சுற்றிவைப்பாள், நரம்பு எழும்பும். தன் நரம்பும் தன்னைப் போலத்தான், டாக்டரைக் கண்டால் ஒளிந்துகொள்கிறது என்பாள் டைலர் அக்கா. துண்டைப் பிழிந்து, தட்டோடு ஏழாம் படுக்கைக்குப் போய் நின்றாள்.

அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த லாரி டிரைவர் படுத்திருந்தார். முழங்கைவரை நரம்பு கயிறு கயிறாக ஓடியது.

"எனக்கா சிஸ்டர்? எனக்கெதுக்கு?"

அவள் படுக்கை எண்ணை நிமிர்ந்து பார்த்தாள். துண்டு கையிலேயே இருந்தது.

"உங்க கை செவந்து போச்சே," என்றார் அவர். "சுடலையா?"

சிஸ்டர் குனிந்து பார்த்தாள். சிவந்துதான் இருந்தது. விரலிடுக்கில் இன்னும் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.