கால் வழுக்கிய கதை

சுதர்ஷினி படுக்கையோடு கிடக்கத் தொடங்கி ஒன்பது வாரமாயிற்று. அதற்குள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் காரணங்கள் நாலைந்து சேர்ந்துவிட்டன. கஞ்சி வைத்துக் கொடுக்கத்தான் ஆள் சேரவில்லை. ஏழாம் நம்பர் மலையில் முனி அடித்துவிட்டது என்றது ஒரு கட்சி. இரண்டு வருடத்துக்கு முன் வயிற்றிலேயே போன பிள்ளையின் ஏக்கம் என்றது மறு கட்சி. வெறும் சோம்பல் என்றார் கணக்கப்பிள்ளை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே இதைக் கண்டுபிடித்தார்.

புருஷன் கஜேந்திரன் தோட்டத்தின் அந்த டிவிசனுக்குத் தொழிற்சங்கத் தலைவர். குழாய் உடைந்தாலும் கோயில் திருவிழா என்றாலும் அவர் பேசாமல் எதுவும் ஆரம்பிக்காது. பேச ஆரம்பித்தால் எளிதில் முடியவும் முடியாது. வீட்டிலும் ஒரு கூட்டம் போட்டார். "நம்ம பாட்டன் பூட்டன் பட்ட கஷ்டத்துக்கு முன்னால இதெல்லாம் ஒரு கஷ்டமா, சுதா?" என்று முக்கால் மணி நேரம். சுதர்ஷினி முழுவதையும் கேட்டாள். எழுந்து போகத் தெம்பில்லை. கூட்டம் வெற்றி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பிறகு முனிக்குச் சேவல் அறுத்தார்கள். டிவிசனே பார்த்துக்கொண்டிருந்ததால் அன்று அவள் எழுந்து, தலைக்கு ஊற்றி, தேங்காயும் உடைத்தாள். குணமாகிவிட்டது என்று கஜேந்திரன் அங்கேயே நன்றியுரை ஆற்றினார். ஹட்டன் கிளினிக்குக்குப் போவதாக இருந்ததையும் நிறுத்திவிட்டார். மறுநாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அடுத்த வீட்டுப் பேச்சியம்மா ரொட்டி கொண்டுபோனபோது சுதர்ஷினி சொன்னாள்: "இனிமே எனக்காக யாரும் மெனக்கெட வேண்டியதில்லக்கா." அதில் கோபமில்லை, அழுகையுமில்லை. விடிந்ததும் பேச்சியம்மா புருஷன் பெண்டாட்டி இருவரையும் ஹட்டன் போகும் பொகவந்தலாவை பஸ்ஸில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள்.

கிளினிக்கில் டொக்டர் நிலக்ஷிக்கு வயது முப்பது இருக்கும். கேள்விகளையெல்லாம் சுதர்ஷினியைப் பார்த்துக் கேட்டார். பதிலெல்லாம் கஜேந்திரனிடமிருந்து வந்தது.

"தூக்கம் எப்படிம்மா?"

"நல்லா தூங்குறாங்க டொக்டர். பகல்லயும் தூங்குறாங்க."

"தூங்கல," என்றாள் சுதர்ஷினி. "கண்ண மூடிக்கிட்டு கெடக்கேன்."

டொக்டர் எழுதிக்கொண்டார். "குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்துச்சா? அம்மாவுக்கு, அப்பாவுக்கு?"

"எங்க குடும்பத்துல அப்படி ஒருத்தரும் இல்லைங்க," என்றார் கஜேந்திரன், குரலைச் சற்று உயர்த்தி. சுதர்ஷினி தரையைப் பார்த்தாள். டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, நீங்க கொஞ்ச நேரம் வெளியில இருங்க."

வெளியே அனுப்பப்படுவது தலைவருக்குப் புதிது. அங்கே கிடந்த வாங்குப் பலகையில் பேச்சியம்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஒன் மாமியா கதைய சொன்னியா தம்பி?"

"அது இங்க எதுக்கு? அந்தம்மா கால் வழுக்கி ஆத்துல விழுந்தாங்க."

"ஊருக்கு அப்படிச் சொன்ன, சரி. எனக்குமா? ஒன் மாமியா காளியாயி மூணு வருசம் இதே மாதிரி சுவத்தப் பாத்துக் கெடந்தத நான் பாக்கலையா? அப்பவும் முனின்னுதான் சேவல் அறுத்தோம்."

"மெதுவா பேசுங்கக்கா. நாலு பேரு இருக்காங்க."

"நாலு பேருக்காக இந்தப் புள்ளையையும் குடுத்துருவியா?"

பதினான்கு வருடத்துக்கு முன், கல்யாணமாகி ஆறே மாதத்தில் நடந்தது அந்தச் சாவு. மரண விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் சிங்களத்தில் பேசியது புது மாப்பிள்ளையான கஜேந்திரன்தான். மழை, பாசி பிடித்த கல், தேய்ந்த செருப்பு என்று ஒன்றுவிடாமல் அடுக்கினார். அதிகாரி நம்பினார், குடும்ப மானம் தப்பியது. பேசத் தெரிந்த பையன் என்று டிவிசன் மெச்சி, அடுத்த வருடமே தலைவராக்கியது. அவர் ஏறிய முதல் மேடை அதுதான். இப்போது உள்ளே போய் வாயைத் திறந்தால் அந்த மேடைக்கு அடிப்பலகை இருக்காது.

எழுந்தார். கதவைத் தட்டாமலே உள்ளே போனார்.

"டொக்டர், நான் சொன்னது பொய்ங்க. இவங்கம்மாவுக்கும் இருந்துச்சு. அவங்க ஆத்துல வழுக்கி விழல."

தொண்டையைச் செருமினார், கூட்டங்களில் கைகொடுக்கும் அந்தச் செருமலும் உதவவில்லை.

சுதர்ஷினிதான் தொடர்ந்தாள். "கொழுந்து எடுக்கையில இடுப்புல கட்டுவோமே, படங்கு... அத அவுத்து, மடிச்சு, ஆத்தங்கரக் கல்லு மேல வச்சிருந்துச்சு எங்கம்மா. வழுக்கி விழுறவங்க மடிச்சு வச்சுட்டா விழுவாங்க?" புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "அத எடுத்து ஒளிச்சது நீங்கதானே."

"ஆமா."

"நான் பாத்தேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சுதா."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இப்ப உங்களுக்கும் அந்த நினைப்பு வருதாம்மா?"

பழக்கத்தில் கஜேந்திரனின் வாய் திறந்தது. மூடிக்கொண்டார்.

"வருதுங்க," என்றாள் சுதர்ஷினி. "தினமும்."

அன்றே ஆஸ்பத்திரி வாட்டில் சேர்க்க ஏற்பாடாயிற்று. தாதி அவளைக் கூட்டிப்போனதும் கஜேந்திரன் கேட்டார்: "அப்ப காரணம் அதுதானா டொக்டர்? அவங்கம்மாகிட்ட இருந்து வந்ததா?"

"அது ஒண்ணு. தாய்க்கு இருந்தா பிள்ளைக்கு வர வாய்ப்பு கொஞ்சம் கூட. ஆனா வந்தே தீரும்னு இல்ல. கைக்கு வராமலே போன பிள்ளை இருக்கு. வாய் விட்டுச் சொல்ல முடியாத ஒரு சாவு இருக்கு. தைரொய்ட் குறைஞ்சாலும் இப்படி ஆகும், அதுக்கு இரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கேன். இதெல்லாம் சேர்ந்துதான் ஆளைச் சாய்க்கும். இது ஒண்ணுதான்னு என்னால கையெழுத்துப் போட்டுத் தர முடியாது, ஐயா. வைத்தியம் இருக்கு, அத மட்டும் உறுதியாச் சொல்வேன்."

தலைவருக்கு ஒரே காரணம்தான் வேண்டியிருந்தது. ஒன்று என்றால் அதை எதிர்த்துக் கோஷம் போடலாம். இதற்கு எங்கே போய்க் கொடி பிடிப்பது? அதிலும் ஒரு பங்கு தன் வாயால் வந்தது.

நடைபாதைக்கு வந்தபோது போன் அடித்தது. கணக்கப்பிள்ளை.

"தலைவரே, ஒங்க வீட்டம்மா வேலைக்கு வராததுக்குக் காரணம் கேட்டு ஆபீஸ்ல கடுதாசி வந்திருக்கு. என்னன்னு எழுத?"

"ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. மனச்சோர்வு நோய்னு எழுதுங்க."

"ஐயோ, அத எப்படிங்க எழுதுறது? நாளைக்கு ஒரு பேச்சாயிரும். பேசாம காய்ச்சல்னு போட்டு விட்டுர்றேனே? ஒங்களுக்காகத்தான் சொல்றேன்."

நல்ல மனசில்தான் சொன்னார். அன்று ஆற்றங்கரையில் கஜேந்திரனுக்கும் மனசு நல்லதாகத்தான் இருந்தது.

"காய்ச்சல் வேணாங்க. நான் சொன்னத எழுதுங்க."

மறு நொடியே கணக்கப்பிள்ளையின் குரல் வந்தது.

"எழுதிட்டேன் தலைவரே."

"வாசிச்சுக் காட்டுங்க," என்றார் கஜேந்திரன்.