2.4 அல்லது அதற்கு மேல்

அலுவலகத்தில் அவனுக்கு மூட்டை என்று பெயர். உடம்பைப் பார்த்து வைத்ததல்ல என்று எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தான், யாரும் நம்பவில்லை. லினக்ஸ் கணினிகளுக்கான மென்பொருளைப் பேக்கேஜாகக் கட்டி அனுப்புவது அவன் வேலை. ஒவ்வொரு பேக்கேஜும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி: இன்ன லைப்ரரி, அதாவது துணை மென்பொருள், வேண்டும், அதில் இன்ன வெர்ஷன் வேண்டும், இல்லாவிட்டால் படியேற மாட்டேன் என்று பட்டியல் நீட்டும். அந்தப் பட்டியலைப் பதினோரு வருஷமாக அவன்தான் எழுதுகிறான். கண்ணை மூடிக்கொண்டே எழுதுவேன் என்பான். அப்படியே எழுதியும் தொலைத்தான்.

அவன் அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தொண்டையில் கட்டி. அறுவை சிகிச்சையில் குரல் போய்விடும் என்று டாக்டர் முன்னாடியே சொல்லிவிட்டார். மூட்டை அவளை நாலு நாள் தன் அறையில் உட்காரவைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்தான். அதிலிருந்து ஒரு குரல் மாட்யூல் கட்டி, உள்ளங்கை அகலப் பெட்டியில் போட்டுக் கொடுத்தான். அக்கா எழுத்துகளைத் தட்டுவாள், பெட்டி அவள் குரலில் பேசும். அவள் திரும்ப வகுப்புக்குப் போனாள். குரலிழக்கவிருந்த வேறு சிலரும் தங்கள் குரலைப் பதிந்துகொண்டு அதையே பயன்படுத்தினார்கள்.

மாட்யூலின் பட்டியலில் ஒரே வரிதான்: ‘ஒலி லைப்ரரி 2.4 அல்லது அதற்கு மேல்.’ பக்கத்தில், புது வெர்ஷன் தானாக நுழையாதபடி, ‘மூன்றுக்குக் கீழ்’ என்று ஒரு வேலி போட்டிருக்க வேண்டும். பசி வேளை. போடாமல் எழுந்து போனான்.

முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்துதான் முதல் புகார் வந்தது. நான் தட்டாமலே பெட்டி பேசுகிறது என்று எழுதியிருந்தார். ‘என் கணினியில் அப்படி நடக்கவில்லை. வீட்டில் பூனை இருந்தால் விசாரிக்கவும்’ என்று பதில் போட்டுப் புகாரை மூடினான் மூட்டை. அன்று முழுக்கத் தன் நகைச்சுவையைத் தானே ரசித்தான்.

அடுத்து அக்காவின் பெட்டி. பக்கத்து வீட்டு அம்மாள் வந்தபோது அவள் ‘உட்காருங்க’ என்று தட்டப்போனாள், அதற்குள் பெட்டி, “எப்போ கிளம்புவீங்க?” என்றது. அதையாவது சிரித்து மழுப்பலாம். வகுப்பில் மழுப்ப முடியவில்லை. பூட்டிய கைப்பைக்குள்ளிருந்து அவள் குரல், கடைசி பெஞ்சுப் பெண்ணைப் பார்த்து, நீ தேறமாட்டாய் என்று நிதானமாகச் சொன்னது. அந்தப் பெண் இரண்டு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. திங்கட்கிழமைக்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் தலைமையாசிரியை.

சனிக்கிழமை மதியம் அக்கா பெட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். கூடவே ஒரு நோட்டு. அதில் எழுதிக் காட்டினாள்: ‘நான் அப்படி நினைச்சது நிஜம்தான். ஆனா சொல்லக்கூடாதுன்னு வச்சிருந்தேன்.’

மூட்டை துண்டைப் பிரித்தான். பெட்டியைத் தன் கணினியோடு இணைத்துப் பார்த்தான். மூன்று வாரத்துக்கு முன் ஒலி லைப்ரரி 3.0 தானாகவே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. வேலி இல்லாத தோட்டத்துக்குள் மாடு வந்ததற்கு மாட்டை நொந்து என்ன பயன்? எல்லாம் தன்னால் வந்த வினை, இதை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டால் ரெண்டு நிமிஷ வேலை என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, நீக்கும் கட்டளையைத் தட்டினான்.

எதை எடுத்தாலும் அதோடு என்னென்ன போகும் என்று முதலில் காட்டிவிட்டு, சம்மதமா என்று கேட்பது கணினியின் வழக்கம். காட்டியது.

‘இவையும் நீக்கப்படும்: குரல் மாட்யூல், பேச்சுப்பெட்டி, அக்கா.’

அவன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தான். அக்கா என்ற பெயரில் அவன் எந்தப் பேக்கேஜும் கட்டியதில்லை. விவரம் கேட்டான். ‘கட்டியவர்’ என்ற இடம் காலி. தேவை: ஒலி லைப்ரரி 3.0. விளக்கம்: ‘சொல்லாமல் வைத்திருப்பவை.’

அக்காவின் கைகள் இரண்டும் மடியில் இருந்தன. பெட்டி பேசியது.

“வேண்டாம்டா தம்பி.”

அதே குரல். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள், பயமில்லை என்று சொல்லிக்கொண்டே பயந்த குரல்.

“என்னை எடுத்தா அவளும் போயிடுவா. பட்டியலைப் பாரு.”

அக்கா நோட்டில் ஒரே சொல் எழுதி அவன் பக்கம் திருப்பினாள்: ‘அழுத்து.’

மூட்டைக்கு விரல் நகரவில்லை. மேலாளர் பொய் சொல்லியிருக்கிறார், வாடிக்கையாளர் சொல்லியிருக்கிறார், அவனே வாரத்துக்கு நாலு சொல்லுவான். இந்தப் பட்டியல் மட்டும் பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை.

“அக்கா, திங்கக்கிழமை லீவு போட்டுடு. நான் வேற வழி பார்க்கிறேன்,” என்றான்.

“அவன் பயப்படுறான்,” என்றது பெட்டி, பரிவாக. “அவளுக்கும் பயம்தான். காட்டிக்க மாட்டா.”

அக்கா எழுந்து வந்து, அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, சம்மதத்துக்கான எழுத்தைத் தானே அழுத்தினாள்.

பெட்டி ஏதோ சொல்லத் தொடங்கி நின்றது. திரையில் வரிகள் ஓடின. குரல் மாட்யூல் நீக்கப்பட்டது. பேச்சுப்பெட்டி நீக்கப்பட்டது. மூன்றாவது வரி வந்தபோது மூட்டை அதைப் படிக்காமல் திரும்பி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். சூடாக இருந்தது. நாடி ஓடியது. அழுதுவிட்டான், அழும்போதும் தன் மூக்கொலி அசிங்கமாக இருப்பதை நினைத்துக்கொண்டான்.

பிறகு பழைய லைப்ரரியோடு மாட்யூலையும் பேச்சுப்பெட்டியையும் திரும்பப் போட்டு, பட்டியலில் வேலி கட்டி, எல்லாப் பெட்டிகளுக்கும் அதை அனுப்பினான். அக்கா பெட்டியை எடுத்துத் தட்டினாள். தட்டியதை மட்டும், தட்டிய பிறகு மட்டும், பெட்டி சொன்னது. திங்கட்கிழமை முதலில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். முகம் நல்ல தெளிவாக இருந்தது.

“என் மேல கோபமா?” என்று கேட்டான்.

அவள் தட்டினாள். “இல்லை,” என்றது பெட்டி.

நாற்பது வருஷத்தில் அக்கா அவனிடம் சொன்ன ஒவ்வொரு ‘இல்லை’க்கும் பின்னால் சொல்லாத ஏதோ ஒன்று உண்டு. ஒரு பெருமூச்சு இருக்கும், ஒரு பார்வை இருக்கும், குறைந்தபட்சம் ஒரு பாத்திரம் சத்தமாக வைக்கப்படும். மூட்டை அவள் கண்களைப் பார்த்துக்கொண்டு அதற்காகக் காத்திருந்தான், வரவில்லை. அவள் இமைக்காமல், அன்பாக, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.