கயிறு விழுந்தால் நிற்கும்

நீலமேகத்தின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையே, காளையைப் பிடித்துப் போகத் தரகர் கிருஷ்ணப்பன் ராயபுரம் வண்டிப்பேட்டைக்கு வந்துவிட்டார். அடிமாட்டுக்குத்தான். ஆளைக் கொன்ற காளையை இனி எவன் வண்டியில் பூட்டுவான் என்று நீலமேகத்தின் அண்ணன் சின்னப்பையன்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

தண்ணீர்த் தொட்டியோரம் கட்டியிருந்த காளையைக் குப்பம்மா பார்த்தாள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி. இன்னும் பல் சேராத இளசு. மூன்று மாதமாகத் தலைக்கயிறு போட்டு அவள் புருசன் நீலமேகம் பழக்கியது. ஒரு அடி அடித்திருக்க மாட்டான். துறைமுகத்து ரயில் ஊதினால் அது மிரளும். மிரண்டால் இழுத்துப் பிடிக்காமல் கயிற்றைக் கீழே போட்டுவிடுவான். கயிறு தரையில் விழுந்ததும் அது நிற்கணும். நின்றால் ஒரு பிடி புண்ணாக்கு. அப்படியே படிந்துவிட்டது.

"அத்தோட பலத்துக்கு நம்ம பலம் இன்னாத்துக்கு ஆவும்? வுட்டா நிக்கும்" என்பான். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்கிறவனைக் கண்டால் வண்டை வண்டையாகத் திட்டுவான்.

ஆனால் மூட்டை சரிந்து அவன் வலக்கையில் இரண்டு விரல் போயிற்று. கயிறு சும்மாவே நழுவுகிறது, பேட்டையில் சிரிக்கிறார்கள் என்று ஒருநாள் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டான். குப்பம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கயிற்று நுனியில் ஒரு வளையம் பின்னி, கை நோகாதிருக்கத் தன் பழைய புடவைத் துணியைச் சுற்றித் தைத்தாள்.

மணிக்கட்டில் மாட்டிப் பார்த்து, "வளையல் போட்டு வுட்டியா எனக்கு?" என்று சிரித்தான். வேறு யார் போட்டிருந்தாலும் கழற்றி எறிந்திருப்பான்.

நாலாம் நாள் கூட்ஸ் ஷெட் பக்கம் என்ஜின் ஊதியது.

இப்போது, தரகரோடு வந்து நின்ற சின்னப்பையனிடம், "மாமா, மாட்டு மேல தப்பு இல்ல" என்றாள் குப்பம்மா.

"இன்னாம்மா பேசற? கேட்டு வரிக்கும் அவன இஸ்துகினு போயிருக்குது" என்றார் சின்னப்பையன்.

"மாட்டுக்கு வக்கீலு வேற கீதா?" என்றார் கிருஷ்ணப்பன்.

அவள் காளையை அவிழ்த்து, கயிற்றைத் தளரப் பிடித்தபடி தண்டவாளம் வரை நடத்திப் போனாள். இருவரும் பின்னாலேயே போனார்கள். கொஞ்ச நேரத்தில் என்ஜின் ஊதியது. காளை விலுக்கென்று தலையை வெட்டிப் பாய்ந்தது. அவள் கையை விரித்தாள். கயிறு விழுந்தது. மூன்றாவது எட்டில் காளை நின்றுவிட்டது.

சின்னப்பையன் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு மட்டும் ஏன் நிக்கல?"

ஆஸ்பத்திரியில் அவன் மணிக்கட்டிலிருந்து அறுத்தெடுத்த வளையம் அவள் மடியில் இருந்தது. எடுத்து நீட்டினாள். "கயிறு வுழல மாமா. நான்தான் தெச்சுக் குடுத்தேன்."

துணியின் பூப்போட்ட கரை இன்னும் தெரிந்தது. சின்னப்பையன் அதை வாங்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "மாடு இங்கயே இருக்கட்டும்" என்றார். கிருஷ்ணப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

காளை திரும்பி வந்து அவள் கையை முகர்ந்தது. நின்றதற்குப் புண்ணாக்கு தரணும். அவள் கொண்டுவரவில்லை. வெறும் கையை அது நக்கிக்கொண்டே நின்றது.