இரண்டாவது ஆளின் நேரம்

நாத்தனார் நகரப் பேருந்து ஓட்டுநர். அண்ணி பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரே வீட்டின் கீழ்த்தளத்தில் ஒருத்தி, மேல்தளத்தில் ஒருத்தி. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் சிரித்துக்கொள்வார்கள், அதோடு சரி. சண்டை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒட்டுதல் என்று சொல்லவும் ஒன்றும் இல்லை.

அவர்களைச் சேர்த்துவைத்தது ஒரு சைக்கிள் பந்தயம். இருவர் இருவராக ஓட்ட வேண்டும். முன்னால் வருபவரின் நேரம் கணக்கில் வராது. இரண்டாவது ஆளின் சக்கரம் கோட்டைத் தாண்டும்போதுதான் கடிகாரம் நிற்கும். நாத்தனாருடன் ஓட்ட வேண்டிய தோழி குளியலறையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் அண்ணியைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

பயிற்சி மேல்தளத்தின் சின்ன அறையில் நடந்தது. சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. அண்ணன் ஆசை ஆசையாக வாங்கி இரண்டு தடவை ஏறிய பொருள். அதன் பிறகு அதில் ஈரத்துணிதான் காய்ந்தது.

நான்கு நிமிடம் அழுத்தி மிதிப்பது, பிறகு கொஞ்ச நேரம் மெதுவாக. இப்படி ஐந்து சுற்று. கால் கொடுக்கும் பலம் எத்தனை வாட் என்று திரையில் ஓடிக்கொண்டிருக்கும். நாத்தனார் முதல் சுற்றில் இருநூற்று எண்பதில் பறந்தாள். மூன்றாவதில் இருநூற்றுக்கு வந்தாள். நான்காவதின் பாதியில் இறங்கித் தரையில் மல்லாந்துவிட்டாள். அடுத்து ஏறிய அண்ணி ஐந்து சுற்றையும் இருநூற்றுப் பத்திலேயே முடித்தாள்.

"தையல் மிஷின் மாதிரி ஓட்டறீங்களே அண்ணி, போரடிக்கல?"

"நீ பாதியிலயே படுத்துட்டே. உனக்கு அந்தக் கவலை இல்ல." அண்ணி துண்டால் கழுத்தைத் துடைத்தாள். "பஸ்ல ஜனங்க நின்னுட்டு இருக்கறப்போ ஸ்டாப்புல இருந்து எப்படி எடுப்பே?"

"சீராத்தான் எடுப்பேன். இல்லேன்னா ஒருத்தர் மடியில ஒருத்தர் உட்கார்ந்துடுவாங்க."

"இங்க மட்டும் ஏன் அந்த உதை உதைக்கறே?"

தொழிலைத் தொட்டுப் பேசியதில் நாத்தனாருக்குச் சுருக்கென்றது. அடுத்த முறை வீம்புக்காகவே இருநூற்று இருபதில் தொடங்கி, எண்ணை அங்கேயே பிடித்து வைத்தாள். முதல் சுற்றில் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. யாரோ ஏமாற்றுவதுபோலக்கூட இருந்தது. ஐந்தாவதில் அதே இருநூற்று இருபது மலையாக நின்றது. ஆனாலும் முடித்தாள். முடித்த பிறகும் நிற்க முடிந்தது.

பந்தயத்தன்று நல்ல எதிர்காற்று. ஏரிக்கரைச் சாலையில் போய், கடைசியில் திரும்பி, வந்த வழியே வர வேண்டும். இருவரும் மாறி மாறி முன்னால் ஓட்டிக் காற்றைத் தாங்கினார்கள். திருப்பம் நெருங்கும்போது, பின்னால் கிளம்பிய இளம்பெண்கள் இருவர் அவர்களைத் தாண்டினார்கள். அதில் ஒருத்தி திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் ஓரமா போங்க ஆன்ட்டி!" என்றாள்.

அப்போது முன்னால் இருந்தது அண்ணி. அவள் ஒரு கியரை மாற்றினாள். இருக்கையைவிட்டு எழுந்தாள்.

"அண்ணி, வேணாம்! போகட்டும் விடுங்க!"

அண்ணி கேட்கவில்லை. நாத்தனார் பின்னாலேயே விரட்டிக்கொண்டு போனாள். கைப்பிடியில் மாட்டியிருந்த வாட் திரை முந்நூறு காட்டியது. அண்ணி அந்தப் பெண்களைப் பிடித்தாள், தாண்டினாள், திருப்பத்தைச் சுற்றினாள். சுற்றிய கையோடு அவளுடைய கால்கள் நின்றுபோயின. சைக்கிள் சாலையில் கோணல்மாணலாகப் போயிற்று. இளம்பெண்கள் மறுபடி கடந்தார்கள்.

நாத்தனாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தன் கால்களில் இன்னும் பலம் இருந்தது. ஆனால் தனியாகக் கோட்டைத் தாண்டி என்ன பயன்? அவள் அண்ணிக்கு முன்னால் போனாள்.

"என் பின்சக்கரத்தை மட்டும் பாருங்க. வேற எதையும் பாக்காதீங்க."

நூற்று எழுபதில் ஓட்டிப் பார்த்தாள், அண்ணி பின்தங்கினாள். நூற்று ஐம்பதுக்கு இறக்கினாள், அண்ணி ஒட்டிக்கொண்டாள். அதற்கு மேல் ஒரு வாட்கூட ஏறவிடாமல், தன் கைக்கு அடியில் உள்ள இடுக்கு வழியாக அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினாள். சிறிது தூரத்தில் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்த எண்ணைக் காப்பாற்றுவது ஒன்றே வேலையாக இருந்தது.

கோட்டைத் தாண்டியதும் அண்ணி வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். நாத்தனார் தலையைத் தாங்கிப் பிடித்து, தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"எல்லாத்தையும் கெடுத்துட்டேன்."

"ஆமா, கெடுத்துட்டீங்க. என்ன வந்துச்சு உங்களுக்கு?"

அண்ணி வாயைக் கொப்பளித்தாள். "அந்தப் பொண்ணு மூஞ்சி எப்படி மாறுதுன்னு பாக்கணும்னு தோணிச்சு."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. அண்ணியும் வேலியில் சாய்ந்தபடி சிரித்தாள்.

காரை நிறுத்திவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்த அண்ணன், "எத்தனாவது வந்தீங்க?" என்று கேட்டான். இருவரும் சைக்கிள்களை அவன் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார்கள்.